நங்கா பர்பத் ஏறிய மூன்று பிள்ளைகள்

1953 ஜூலை 3, இரவு. பாகிஸ்தானின் வடகோடியில் நங்கா பர்பத் மலையில், ஏறத்தாழ 8000 மீட்டர் உயரத்தில், ஒரு மனிதர் பாறையில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறார். உட்கார இடமில்லை. இரண்டு பாதங்களை ஊன்ற மட்டும் இடம் இருக்கிறது. ஒரு கை பாறையைப் பற்றியிருக்கிறது, மறு கையில் பனிச்சறுக்குக் கழிகள். கூடாரம் இல்லை, போர்வை இல்லை. கம்பளிச் சட்டைகூட வழியில் விட்டுவந்த பையோடு கிடக்கிறது. பிராணவாயு உருளை முதலிலிருந்தே கிடையாது. விடியும்வரை அவர் இப்படியே நின்றார். அன்றிரவு காற்று அடிக்கவில்லை. அடித்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல ஆள் இருந்திருக்காது.

அவர் பெயர் ஹெர்மன் பூல். ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் ஊர்க்காரர், வயது 28. அன்று அதிகாலை இரண்டரை மணி வாக்கில் தனியாகக் கிளம்பி, மாலை 7 மணிக்கு 8126 மீட்டர் உச்சியைத் தொட்டிருந்தார். அதுவரை அந்த மலை 31 உயிர்களை வாங்கியிருந்தது, ஒருவரையும் உச்சிக்கு விட்டதில்லை. உலகில் 8000 மீட்டரைத் தாண்டும் மலைகள் 14. அவற்றில் ஒன்றை முதன்முதலாக, அதுவும் தனி ஆளாக ஏறி முடித்தவர் இவர் ஒருவரே. கிளம்பி 41 மணி நேரம் கழித்து முகாமுக்குத் திரும்பினார். அப்போது எடுத்த புகைப்படம் இருக்கிறது. முகமெல்லாம் வெடித்து, கன்னம் உள்வாங்கி, ஒரு கிழவரின் முகம்.

இறங்கும்போது தன்னோடு இன்னொருவர் கூடவே வருவதாக அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கையுறை காணாமல் போனபோது அந்தத் துணையிடம் கேட்கத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. பிராணவாயு குறைந்து, தண்ணீரும் தூக்கமும் இல்லாமல் தவிக்கும் மூளை இப்படி ஒரு துணையைத் தானே உண்டாக்கிக்கொள்வதுண்டு. துருவப் பயணிகள் பலரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பூலின் பிள்ளைப்பருவத்தைத் தெரிந்துகொண்டு அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவருக்கு நாலு வயதில் தாய் இறந்துபோனார். பின் சில ஆண்டுகள் அனாதை இல்லத்தில் வளர்ந்தார். நோஞ்சான் பிள்ளை.

இப்படிப்பட்டவர்கள் ஏன் ஏறுகிறார்கள்? யாரைக் கேட்டாலும் சட்டென்று வருகிற பதில் 'திரில்'. உளவியலிலும் வெகுகாலம் இதுதான் பதிலாக இருந்தது. அமெரிக்க உளவியலாளர் மார்வின் சக்கர்மன் 1960களில் 'கிளர்ச்சி நாட்டம்' என்ற குணத்தை அளக்க ஒரு வினாத்தாளை உருவாக்கினார். சிலருடைய நரம்பு மண்டலத்துக்குச் சாதாரண வாழ்க்கையின் காரம் போதாது, அதனால் அவர்கள் ஆபத்தைத் தேடிப் போகிறார்கள் என்பது அவர் கருத்து.

விமானத்திலிருந்து குதிப்பவர்களுக்கு இது பொருந்தும். மலையேறிகளுக்கு? உயரமான மலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள். கூடாரத்துக்குள் முடங்கி, வானிலை தெளியட்டும் என்று நாலு நாள் காத்திருக்க வேண்டும். தலைவலி, வாந்தி. பனியை உருக்கித் தண்ணீர் ஆக்கவே மணிக்கணக்கு ஆகும். ஒரு அடி எடுத்துவைத்து ஐந்தாறு மூச்சு வாங்கி மறு அடி. கிளர்ச்சிதான் வேண்டும் என்றால் இதைவிட மோசமான வழி கிடையாது.

வேல்ஸில் உள்ள பேங்கர் பல்கலைக்கழகத்தில் டிம் உட்மன், லூ ஹார்டி, மேத்யூ பார்லோ ஆகியோர் இந்த இடத்தில்தான் நுழைந்தார்கள். மலையேறிகளையும் விமானத்திலிருந்து குதிப்பவர்களையும் ஒப்பிட்டு அவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில் இரு கூட்டமும் தனித்தனியே பிரிந்து நின்றது. குதிப்பவர்கள் கிளர்ச்சிக்காகப் போகிறார்கள். மலையேறிகளை இழுப்பது வேறு இரண்டு. ஒன்று, உள்ளே கொந்தளிக்கும் உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் அனுபவம். மற்றது, 'என் வாழ்க்கையை நடத்துகிறவன் நான்தான்' என்ற உணர்வு. அன்றாட வாழ்க்கையில், குறிப்பாக நெருங்கிய உறவுகளில், இந்த இரண்டும் தங்களுக்குக் கைவருவதில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். மலையில் கைவருகிறது. இறங்கி வந்த பிறகும் அது கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தன் வாழ்க்கை தன் கையில் இல்லை என்று ஒருவருக்கு எப்போது தோன்ற ஆரம்பிக்கும்? இத்தாலியின் தெற்கு டிரோலில் வில்னஸ் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. தலைக்கு மேலே டாலமைட் மலைகளின் கூர்மையான சுவர்கள். அங்கே ஜோசப் மெஸ்னர் என்ற பள்ளி ஆசிரியருக்கு ஒன்பது பிள்ளைகள். அவர்களில் ரைன்ஹோல்ட் 1944இல் பிறந்தவர். ஐந்து வயதில் அப்பாவோடு 3000 மீட்டர் சிகரம் ஒன்றை ஏறினார். மலையைக் காட்டியவர் அப்பா, கை ஓங்குபவரும் அப்பா. ஒரு நாள் தன் தம்பி குந்தர் நாய்க்கூண்டுக்குள் சுருண்டு ஒடுங்கிக் கிடப்பதை ரைன்ஹோல்ட் பார்த்தார். அப்பா சாட்டையால் விளாசியதில் பையனால் நடக்க முடியவில்லை. அண்ணன் தம்பி இருவரும் ஒரே கயிற்றில் பிணைந்த சோடி ஆனது அதற்குப் பிறகுதான் என்று பெரியவரான பின் ரைன்ஹோல்டே சொல்லியிருக்கிறார். 'அடி உதவுகிறமாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்று நம் வீடுகளில் ஒரு பழமொழியைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அந்த நாய்க்கூண்டைப் பற்றிப் படித்த பிறகு அதை என்னால் வாயில் எடுக்க முடியவில்லை. அங்கே அடி எதற்கும் உதவவில்லை. அண்ணன்தான் உதவினான்.

அந்தப் பிள்ளைகளின் உடம்புக்குள் என்ன நடந்திருக்கும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். ஆபத்து என்றதும் மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியை முடுக்கும். அது சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியை முடுக்கும், கார்ட்டிசால் ரத்தத்தில் ஏறும். ஆபத்து விலகியதும் அடங்கிவிட வேண்டும். ஆபத்து வீட்டுக்குள்ளேயே குடியிருந்தால்? மாடிப்படியில் கேட்கும் செருப்புச் சத்தம், கதவு சாத்தப்படும் வேகம் எல்லாமே எச்சரிக்கை மணியாகிவிட்டால்? அப்போது இந்த அமைப்பின் திருகே இடம் மாறிவிடுகிறது. சிலருக்குக் கார்ட்டிசால் எப்போதும் உச்சத்தில் நிற்கும். சிலருக்கு மரத்துப்போய், ஏற வேண்டிய நேரத்திலும் ஏறாது.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஒரு எலிச் சோதனை. இரண்டு எலிகள், தனித்தனிப் பெட்டிகள். இரண்டின் வாலிலும் ஒரே மின்கம்பி, ஒரே நேரத்தில் ஒரே அளவு மின்னதிர்ச்சி. இரண்டு பெட்டியிலும் முன்பக்கம் ஒரு சின்னச் சக்கரம். முதல் எலி சக்கரத்தைத் திருப்பினால் அதிர்ச்சி இரண்டு எலிகளுக்கும் நின்றுவிடும். இரண்டாம் எலி எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. அதன் சக்கரத்துக்கு இணைப்பே இல்லை. ஆக இரண்டும் அனுபவித்த வலியில் ஒரு நொடிகூட வித்தியாசம் கிடையாது. ஆனால் அடுத்த நாள் இரண்டையும் புதிய இடத்தில் விட்டால், முதல் எலி தப்பிக்க வழி தேடும். இரண்டாவது மூலையில் ஒடுங்கும். தப்பிக்கும் வழி திறந்தே இருந்தாலும் போகாது.

இந்த வகைச் சோதனைகளை 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய்களை வைத்துத் தொடங்கியவர்கள் ஸ்டீவன் மேயரும் மார்ட்டின் செலிக்மனும். இரண்டாவது பிராணி கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது என்று அன்று விளக்கம் சொன்னார்கள். பிறகு மேயர் மூளைக்குள் இறங்கினார். மூளைத்தண்டில் செரோட்டோனின் சுரக்கும் சிறிய நரம்பணுக் கூட்டம் ஒன்று உண்டு. நீடித்த வலி வந்தால் அது பொங்கி எழுந்து உடம்பை முடக்கிப்போடும். சக்கரம் வேலை செய்கிற எலியில் மட்டும் மூளையின் முன்பகுதி, 'இது நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று கண்டுகொண்டு அந்தக் கொந்தளிப்பை அடக்குகிறது. ஐம்பது ஆண்டுகள் கழித்து 2016இல் இருவரும் சேர்ந்து தங்கள் கோட்பாட்டையே தலைகீழாகத் திருப்பி எழுதினார்கள். முடங்குவதுதான் உயிர்களின் பிறவிச் சுபாவம், கற்றுக்கொள்ள வேண்டியது கட்டுப்பாட்டைத்தான் என்று. தங்கள் விளக்கம் தவறென்று தெரிந்ததும் அரை நூற்றாண்டு உழைப்பைத் திருத்தி எழுத முன்வந்த இந்த நேர்மைக்காகவே இருவரையும் கும்பிடலாம். இன்னொன்றும் தெரியவந்தது. ஒருமுறை சக்கரம் வேலை செய்வதை அனுபவித்த எலி, பின்னால் தப்பவே முடியாத அதிர்ச்சி வந்தாலும் அவ்வளவாக உடைந்துபோவதில்லை. தடுப்பூசி போட்டதுபோல.

எலியிலிருந்து மலையேறிக்குத் தாவுவது பெரிய தாவல்தான், தெரிந்தே தாவுகிறேன். அடிவாங்கும் பிள்ளையின் கையில் இருப்பது இணைப்பில்லாத சக்கரம். அழுதாலும் அடி, அழாவிட்டாலும் அடி. தாயை இழந்த நாலு வயதுப் பிள்ளைக்கும் எதைத் திருப்பினாலும் அம்மா வரப்போவதில்லை. மலைச்சுவரில் அப்படி இல்லை. ஆபத்து நிஜம், மரணம் நிஜம். ஆனால் ஒவ்வொரு கைப்பிடியும் இணைப்புள்ள சக்கரம். விரலைச் சரியாக மடக்கினால் உடம்பு நிற்கும், காலைச் சரியாக ஊன்றினால் ஒரு முழம் மேலே போகும். மலைக்குக் கோபம் கிடையாது, நேற்றைய ஆத்திரத்தை இன்று உங்கள் மேல் அது காட்டாது. ஆபத்தை விட்டு ஓடிவந்தவர்கள் ஆபத்தையே தேடிப் போவது வெளியிலிருந்து பார்த்தால் முரணாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. சின்ன வயதில் கை வைக்க இடம் தராத அதே பயத்தை, கை வைக்க இடம் இருக்கிற ஓர் இடத்துக்கு அவர்கள் கொண்டுபோகிறார்கள்.

கட்டுப்பாடு ஒரு பாதி. மறு பாதி, உணர்ச்சி. 1970களில் குழந்தைகளுக்கும் தாய்மாருக்கும் இடையிலான பிணைப்பை அளக்க மேரி எய்ன்ஸ்வொர்த் ஒரு எளிய சோதனை வைத்தார். ஒரு வயதுக் குழந்தை, பொம்மைகள் நிறைந்த புதிய அறை. அம்மா சில நிமிடம் வெளியே போய்த் திரும்பி வருவார். பெரும்பாலான குழந்தைகள் அழும், அம்மா வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். சில குழந்தைகள் அழாது. அம்மா வந்தாலும் திரும்பிப் பார்க்காமல் பொம்மையை உருட்டிக்கொண்டிருக்கும். நம் ஊரில் என்றால் 'எவ்வளவு சமத்து' என்று தூக்கிக் கொஞ்சுவோம். ஆனால் ஆய்வாளர்கள் அந்தச் சமத்துக் குழந்தைகளின் நெஞ்சில் கருவி பொருத்திப் பார்த்தபோது இதயம் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கார்ட்டிசாலும் கூடியிருந்தது. அழுகை உள்ளே இருக்கிறது. வெளியே காட்டிப் பயனில்லை என்று ஒரு வயதிலேயே அது கற்றுக்கொண்டிருக்கிறது.

இப்படி வளர்கிறவர்களில் சிலருக்குத் தங்கள் உணர்ச்சி எது என்று தங்களுக்கே பெயர் சொல்லத் தெரியாமல் போகிறது. பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல மருத்துவர் 1970களின் தொடக்கத்தில் இதற்குக் கிரேக்கத்திலிருந்து 'அலெக்சிதைமியா' என்ற பெயரை உண்டாக்கினார். உணர்வுக்குச் சொல் இல்லாமை என்று பொருள். ஆபத்தான விளையாட்டுகளுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதை உட்மன் குழு பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறது. வீட்டில் மனைவி முகம் வாடியிருக்கும்போது எழும் கலக்கம் பயமா, கோபமா, குற்ற உணர்ச்சியா என்று இவர்களுக்குப் பிடிபடாது. 600 மீட்டர் பள்ளத்துக்கு மேல் தொங்கும்போது வருவது பயம். அதில் சந்தேகமே இல்லை. காரணம் தெரிகிறது, பெயர் தெரிகிறது, என்ன செய்தால் அடங்கும் என்றும் தெரிகிறது.

வாண்டா ருட்கியேவிச் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. 1943இல் பிறந்த போலந்துப் பெண். போர் முடிந்து குடும்பம் வ்ரோத்ஸ்வாஃப் நகரத்தின் இடிபாடுகளுக்கிடையே குடியேறியது. வாண்டாவுக்கு ஐந்து வயதிருக்கும்போது, போரில் வெடிக்காமல் கிடந்த குண்டு ஒன்று அண்ணன் விளையாடிய இடத்தில் வெடித்தது. அண்ணன் செத்துப்போனான். 1972இல் அப்பா கொலை செய்யப்பட்டார். 1978இல் வாண்டா எவரெஸ்ட் ஏறினார், ஐரோப்பியப் பெண்களில் முதல்வர். 1985இல் இன்னும் இரண்டு போலந்துப் பெண்களோடு, ஆண் துணையின்றி, இதே நங்கா பர்பத்தை ஏறினார். 1986இல் கே2 உச்சியில் கால் வைத்த முதல் பெண் ஆனார். கூட ஏறியவர்கள் ஒவ்வொருவராக மலையில் இறந்துகொண்டிருந்தார்கள். வாண்டா நிறுத்தவில்லை. எஞ்சிய 8000 மீட்டர் மலைகளை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக முடித்துவிட வேண்டும் என்று திட்டம் போட்டார். 1992 மே மாதம், 49 வயதில், கஞ்சன்ஜங்காவில் 8200 மீட்டருக்கு மேல் கூடாரமோ அடுப்போ இல்லாமல் அவர் ஒதுங்கியிருந்ததை, உச்சியிலிருந்து இறங்கிவந்த மெக்சிகோ மலையேறி கார்லோஸ் கார்சோலியோ பார்த்தார். தன்னோடு இறங்க வாண்டா மறுத்துவிட்டார். காலையில் உச்சிக்குப் போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தவர் யாரும் இல்லை.

ஆறாத ஒன்று உள்ளே இருக்கும்போது மலை மருந்தாகலாம். ஆனால் மருந்தின் வேகம் இறங்கிவிடும், மறுபடி வேண்டும், இன்னும் உயரத்தில் வேண்டும். பூலும் நிறுத்தவில்லை. 1957 ஜூனில் பிராட் பீக் மலையின் முதல் ஏற்றத்தில் பங்கெடுத்தார். பதினெட்டே நாள் கழித்து, பக்கத்தில் சோகோலிசாவில், முகட்டில் நீட்டிக்கொண்டிருந்த பனிவிளிம்பு உடைந்து விழுந்தார். வயது 32. உடல் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு, 'அடிபட்டு வளர்ந்தால்தான் ஆளாவான்' என்று தலையாட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஆய்வும் இருக்கிறது. லூ ஹார்டியும் உட்மனும் வேறு சிலரும் பிரிட்டனின் ஒலிம்பிக் வீரர்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டது. திரும்பத் திரும்பத் தங்கம் வென்ற 16 பேர், அதே விளையாட்டுகளில் அந்த உயரம் எட்டாத 16 பேர். முதல் 16 பேரின் பிள்ளைப்பருவத்திலும் ஒரு பெரிய இழப்போ காயமோ இருந்தது. இரண்டாம் கூட்டத்தில் நாலு பேரிடம்தான். ஆனால் அந்த ஆய்வைப் பாதியில் மூடிவிடக் கூடாது. வென்றவர்களின் வாழ்க்கையில் காயத்தோடு இன்னொன்றும் சேர்ந்தே இருந்தது. விளையாட்டு வழியாக வந்த ஒரு நல்ல திருப்பம். நீயும் ஒரு பொருட்டு என்று காட்டிய ஒரு நிகழ்வு. சக்கரத்துக்கு யாரோ ஒருவர் இணைப்புக் கொடுத்திருக்கிறார்.

அந்த இணைப்புக் கிடைக்காதவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. அவர்களைப் பார்க்க வேண்டுமானால் 1998இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் ஆண்டாவும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சான் டியேகோவில் சாதாரண மக்களிடம், பிள்ளைப்பருவத்தில் அடி, பாலியல் கொடுமை, வீட்டுக்குள் குடி, தாய்க்கு விழும் உதை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். எண்ணிக்கை கூடக் கூட, நடுவயதில் இதய நோய், மது அடிமைத்தனம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாம் படிப்படியாகக் கூடின. ஒரு மெஸ்னர் உச்சியில் நிற்கும் படத்துக்குப் பின்னால், மலையின் நிழலைக்கூடப் பார்க்காமல் நாற்பது வயதில் தேய்ந்துபோன எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

எல்லா மலையேறிகளும் காயத்திலிருந்து வருகிறவர்கள் என்பதும் உண்மையல்ல. 2017 ஜூன் 3 அன்று கலிபோர்னியாவின் எல் கேப்பிட்டன் பாறையைக் கயிறில்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறிய அலெக்ஸ் ஹானல்டின் கதையில் சாட்டையும் இல்லை, அனாதை இல்லமும் இல்லை. மூளையில் பயத்தின் மையமான அமிக்டலா, மற்றவர்களைப் பதறவைக்கும் படங்களுக்குக்கூட அவரிடம் அசையவில்லை என்று ஸ்கேன் காட்டியது. அது பிறவியா, பல்லாண்டுப் பயிற்சியா என்பதை ஒரு ஸ்கேன் சொல்லாது. ஷெர்பாக்களை நினைத்தால் இந்தக் கோட்பாடு மொத்தமும் வாயடைத்து நிற்கிறது. 1934இல் நங்கா பர்பத் புயலில் ஜெர்மன் குழுத் தலைவர் வில்லி மெர்க்கலும் தோழர்கள் இருவரும் இறந்தார்கள். ஆறு ஷெர்பாக்களும் இறந்தார்கள். அவர்களில் கைலே என்பவர் மெர்க்கலை விட்டுப் போக மனமில்லாமல் கூடவே இருந்து செத்தார். நாலு ஆண்டு கழித்து இரண்டு உடல்களும் அருகருகே கிடைத்தன. கைலே மலைக்கு வந்தது கூலிக்காக. இருந்தது எதற்காக என்பதற்கு எந்த வினாத்தாளிலும் இடம் கிடையாது.

அந்த மெர்க்கலோடு பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவான தம்பிதான் கார்ல் ஹெர்லிக்கோஃபர். அண்ணன் இறந்தபோது அவருக்கு வயது 18. அந்த மலையை அவரால் விட முடியவில்லை. பூல் போன 1953 பயணத்தை நடத்தியவர் அவர்தான். 1970 பயணத்தையும் அவரே நடத்தினார். ரூபல் பக்கச் சுவர் ஏறத்தாழ 4500 மீட்டர் உயரம். அதில் ஏற அவர் சேர்த்தவர்களில் ரைன்ஹோல்டும் குந்தரும் இருந்தார்கள்.

1970 ஜூன் 27 அதிகாலை ரைன்ஹோல்ட் தனியாக உச்சிக்குக் கிளம்பினார். குந்தருக்குக் கொடுத்த வேலை, அண்ணன் இறங்கிவரக் கயிறு கட்டுவது. கொஞ்ச நேரம் கட்டிப் பார்த்தார். பிறகு கயிற்றைப் போட்டுவிட்டு அண்ணன் பின்னாலேயே விறுவிறுவென்று ஏறி எட்டிப் பிடித்துவிட்டார். இருவரும் சேர்ந்தே உச்சிக்குப் போனார்கள். திரும்பும்போது தம்பியின் பலம் தீர்ந்துவிட்டது. வந்த வழியில் கயிறில்லாமல் இறங்க முடியாது என்று மலையின் மறுபக்கமான டயாமிர் வழியே இறங்கினார்கள். அடிவாரத்தை நெருங்கும் இடத்தில், முன்னால் போன ரைன்ஹோல்ட் திரும்பிப் பார்த்தபோது தம்பி இல்லை. பனிச்சரிவு விழுந்த தடம் மட்டும் இருந்தது. ஒரு நாளும் ஒரு இரவும் கூப்பிட்டுக்கொண்டே தேடினார். உறைபனியில் செத்துப்போன கால்விரல்கள் பலவற்றைப் பிறகு வெட்டி எடுத்தார்கள்.

அதற்கப்புறம் அவர் பிராணவாயு இல்லாமல் எவரெஸ்ட் ஏறினார், 1986க்குள் 14 மலைகளையும் முடித்த முதல் மனிதர் ஆனார். இடையில் 1978இல் இதே நங்கா பர்பத்துக்குத் தனியாக வந்தார், டயாமிர் பக்கமாகவே ஏறினார். தம்பியை நடுவழியில் விட்டுவிட்டு வந்தவர் என்று பழைய தோழர்கள் சிலர் குற்றம் சாட்டினார்கள், புத்தகம் எழுதினார்கள். 2005 கோடையில் டயாமிர் பனியாறு உருகியபோது எலும்புகளும் ஒரு தோல் காலணியும் வெளியே வந்தன. இன்ஸ்ப்ரூக்கில் செய்த மரபணுச் சோதனை அது குந்தர் என்று உறுதிசெய்தது. அண்ணன் சொன்ன பக்கத்தில்தான் தம்பி கிடந்தான்.

ரைன்ஹோல்டுக்கு அப்போது 60 வயது. மலையடிவாரத்துக்குப் போய், கிடைத்த எலும்புகளை அங்கேயே எரியூட்டினார். காலணியை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தார்.